லண்டன் வரும் பெற்றோருக்கு இன்னோர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வரும் பெற்றோருக்காகச் சென்ற இதழில் வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். மெழுகுச் சிலைகள், ராட்சத ராட்டினம், அரண்மனைக் காவலர் மாறும் சடங்கு எல்லாம் இருந்தன. ஒரு வாரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆறு மாத விசாவில் வருகிறவர்கள் மிச்ச நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் இடம், நகரப் பண்ணை.

ஊருக்கு நடுவே ஆடு, மாடு, பன்றி, கழுதை, கோழி எல்லாம் வளர்த்து, யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். கென்டிஷ் டவுனில் 1972இல் தொடங்கியதுதான் முதலாவது. வாக்ஸால், ஹாக்னி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் எல்லாம் பிறகு வந்தவை. இங்கெல்லாம் நுழைவுக் கட்டணம் கிடையாது.

எனக்குப் பிடித்தது மட்சூட் பண்ணை. டி.எல்.ஆர். என்ற கிழக்கு லண்டன் ரயிலில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 32 ஏக்கர். 19ஆம் நூற்றாண்டில் மில்வால் கப்பல் துறையைத் தூர்வாரிக் கொட்டிய சேறு மேடிட்ட நிலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். 1970களில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோது, அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்து மேய்ச்சல் நிலமாகவே காப்பாற்றிவிட்டார்கள். இன்று செம்மறிகளுக்குப் பின்னால் கேனரி வார்ஃப் வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. “அப்பா, அதோ என் ஆபீஸ்” என்று மகன் காட்டுவான். அப்பாவின் கண் ஆட்டின் மடியை விட்டு அசையாது.

“ஆடு மாடு பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்?” என்று என் மாமியாரும் கேட்டார்தான். அப்படிக் கேட்டவர் வேலியோரம் போய் நின்றதும், எது சினையாடு, எதற்குக் குளம்பு சீவ வேண்டும் என்று பேத்திக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூடப் பேத்தியையே கூப்பிடுகிறவர் அவர்.

கட்டணமில்லை என்பதற்காக நன்கொடை உண்டியலைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஈஸ்ட்ஹாம் தமிழர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், பெக்டனில் இருந்த நியூஹாம் பண்ணை கொரோனாக் காலத்தில் மூடப்பட்டது. அப்புறம் திறக்கவே இல்லை.

அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். வாழைப்பழத்தோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். வீட்டுச் சமையலறையில் நறுக்கிய காய்த்தோலைக்கூட இங்கே ஆடு, மாடு, கோழிக்குக் கொடுப்பது சட்ட விரோதம். 2001இல் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று புதைக்கவும் எரிக்கவும் வேண்டியிருந்தது. சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதில்தான் அது தொடங்கியது என்று விசாரணையில் சொன்னார்கள். ஆசைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சில பண்ணைகளில் அவர்களே தீவனம் விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள்.

கை கழுவுவதைப் பற்றி நம்மவர்கள் காட்டும் அலட்சியம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. “கிராமத்தில் நாங்கள் சாணியிலேயே வளர்ந்தோம்” என்பார்கள். வளர்ந்திருக்கலாம். சர்ரேயில் ஒரு பண்ணைக்குப் போனவர்களில் 93 பேருக்கு 2009இல் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்று வந்தது. பெரும்பாலோர் சின்னக் குழந்தைகள், சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. பாட்டில் ஜெல்லைத் தடவினால் போதாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகுதான் முறுக்குப் பையைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று. பல அம்மாக்கள் மகளின் பிரசவத்துக்கு உதவத்தான் இங்கே வருகிறார்கள். குட்டி போடும் காலத்தில் ஆடுகளின் அருகே கர்ப்பிணிகள் போகவே கூடாது; வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் கிருமிகள் ஈன்ற ஆட்டிடமும் குட்டியிடமும் இருக்கக்கூடும். வசந்த காலத்தில் போவதானால் மகளை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.