அட்டையைத் தேடும் முன் எடை பாருங்கள்

ஆசிரியருக்கு,

காசநோய்க்கு மாத்திரை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அப்புறமும் ஏன் சாகிறார்கள் என்று கேட்கிறோம். எப்போது சாகிறார்கள் என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள். காப்பீடோ, ஆள் மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் உதவிக்கு வரும். யாரைச் சேர்ப்பது என்பது நோய் உறுதியான அன்றே தீர்மானமாகவேண்டும்.

தமிழகத்தில் 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அதற்குத்தான். எடைக் கருவி, உயர அளவுகோல், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், மூச்சை எண்ணக் கடிகாரம் போதும். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 14 அல்லது அதற்குக் கீழ் என்றால், அதாவது 150 செ.மீ. உயரக்காரர் 31.5 கிலோதான் என்றால், தாமதிக்காமல் சேர்க்கவேண்டும். 16 வரை இருந்து இரு கால்களும் வீங்கியிருந்தாலும் அப்படியே. வீக்கத்து நீர் எடையைக் கூட்டிக் காட்டும். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், எதையும் பிடிக்காமல் நிற்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

கோட்டை விடுவதும் இங்கேதான். மூச்சை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். சில்லிட்ட விரலிலும் நகப்பூச்சிலும் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்பி நிற்கவைப்பதே இல்லை.

எலும்பும் தோலுமாக வந்தவருக்கு முதல் நாளே வயிறு முட்டச் சோறு போடக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தரவேண்டும். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். காசநோய் மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை நாளொன்றுக்கு 25–34 கிலோவுக்கு 2, 35–49 கிலோவுக்கு 3. எடை ஏறியபின் எண்ணிக்கையைத் திருத்த மறந்துவிடுகிறார்கள்.

எடை ஏறுவது சின்ன விஷயமல்ல. ஜார்க்கண்டில் உணவுப் பொட்டலம் கொடுத்து நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வில், இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 2 கிலோ! நிக்‌ஷய் போஷண் என்னும், காசநோயாளிக்கான அரசின் சத்துணவு உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். முதல் மூன்று மாதத்துக்கான 3,000 முன்பணம். ஆதார் இணைக்காத, முடங்கிய வங்கிக் கணக்கென்றால் அந்தப் பணம் கைக்கு வராது. வீட்டில் அரிசி தேவைப்படுவதோ இந்த வாரம்.

காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் அட்டையில் பெயர் வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வேண்டும். தனியாள், வெளிமாநிலத் தொழிலாளி எங்கே போவார்? அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் சேரலாம் என்பதை வாசலிலேயே எழுதிவைக்கலாம். தனியார் மருத்துவர்களும் நோயை உறுதிசெய்த அன்றே அந்த அளவுகளை எடுத்து, அவற்றைப் பரிந்துரைச் சீட்டில் குறித்து அனுப்பினால், சேர்க்கும் இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

இப்படிக்கு,
காசநோய்ப் பிரிவுப் பணியாளர்கள் சிலர்