அக்ரிமென்ட் தேதி முடிந்துவிட்டது என்று நீ சொன்னதற்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அக்காவும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. பேசியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் வீட்டை விற்க அக்ரிமென்ட்டில் போட்ட நாலு மாசம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, வாங்க வந்தவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு புரோக்கர் சொல்லும் புதுப் பார்ட்டிக்கே கொடுத்துவிடலாம் என்றாய். அவர்கள் கூடுதலாகத் தருகிறார்கள், உண்மைதான். அல்சூரில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் தனி வீடு, விலை இன்னும் ஏறும் என்றும் புரோக்கர் சொல்கிறார். ஆனாலும் எனக்கு இதில் சம்மதம் இல்லை.

தாமதம் யாரால் ஆனது என்று முதலில் பார். அக்ரிமென்ட் போட்டு வாங்குகிறவர்களால் இல்லை. எல்லாம் நம் காகிதங்களால். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூருவில் இ-காத்தா, அதாவது வீடு யார் பெயரில் என்று காட்டும் மாநகராட்சிப் பதிவின் கணினி நகல், இல்லாமல் கிரயப் பத்திரம் பதிய முடியாது. நம்மிடம் இருந்தது அப்பா பெயரில் பழைய காத்தா. அவர் போன பிறகு நம் மூன்று பேர் பெயரும் அதில் ஏற வேண்டும். அதற்கு மூலப்பத்திரம், ஆதார், மரணச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்று காட்டும் வம்சவிருட்சம் எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். எங்கே ஒத்துப்போனது? 1987 பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அந்த இனிஷியல் தாத்தாவின் முழுப் பெயராகி, பின்னால் போய் நிற்கிறது. மரணச் சான்றிதழில் இனிஷியலே கிடையாது. நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்ததும் புரியும். காகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் மூன்று பேர். அஃபிடவிட் போட்டு, திருத்தி, மறுபடி விண்ணப்பித்து, காத்தா கைக்கு வருவதற்குள் மழைக்காலமே போய்விட்டது.

அடுத்தது உன் பங்குக்கான வரி. இங்கே இருப்பவர் 50 லட்சத்துக்கு மேல் வீடு விற்றால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்டினால் போதும். வெளிநாட்டில் இருக்கும் உனக்கு அந்தக் கணக்கு இல்லை, பிடித்தம் பல மடங்கு. அதைக் குறைக்க வேண்டுமானால் வருமான வரித்துறையிடம் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆடிட்டர் விண்ணப்பித்துவிட்டார், இன்னும் வரவில்லை. இதற்கும் வீட்டை வாங்குகிற அந்தப் பிள்ளைகள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சித்திரையில் நீ வந்து கையெழுத்துப் போட்ட அன்று அவர்களைப் பார்த்தாய் அல்லவா? கோலார் தங்கவயல் குடும்பத்துப் பெண். அன்றைக்கே டேப் வாங்கி வந்து, கூடத்து ஜன்னலுக்கும் சமையலறை ஷெல்ஃபுக்கும் அளவெடுத்து, ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு போனாள். ஷெல்ஃபுக்கு மேலே அப்பா அடித்த ஆணியை மட்டும் எடுக்க மாட்டேன் ஆன்ட்டி, வாட்ச் மாட்டிக்கொள்கிறேன் என்றாள். நமக்குக் கொடுத்த அட்வான்ஸில் பாதி அவள் நகையை அடகு வைத்துக் கொடுத்தது. அதற்கு மாசாமாசம் வட்டி ஓடுகிறது. ஆகஸ்டில் காலி செய்கிறேன் என்று வாடகை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். இப்போது மாசாமாசம் கெஞ்சித் தள்ளிப்போடுகிறார்கள். வங்கி கொடுத்த கடன் அனுமதியின் கெடு முடிந்து, திரும்பச் சம்பளச் சீட்டெல்லாம் கொடுத்துப் புதுப்பித்தார்கள். அதோடு 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதியிலிருந்து கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம் ஆகிவிட்டது. கோடிக்கு ஒரு லட்சம் அதிகம், அதுவும் அவர்கள் தலையில்தான். நம் காத்தா நேரத்துக்கு வந்திருந்தால் இந்தப் பணம் அவர்கள் கையிலேயே இருந்திருக்கும்.

நமக்கு இந்தத் தாமதத்தால் என்ன நஷ்டம், சொல். ஒன்றுமில்லை. நாள் ஆக ஆக வீட்டின் விலைதான் ஏறியது. நம்மால் ஆன தாமதத்தையே காரணம் காட்டி, அந்த ஏற்றத்தையும் நாமே எடுத்துக்கொள்வதா? அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவே விட்டிருக்க மாட்டார்.

சட்டம் நம் பக்கம் என்றாய். வக்கீலிடம் கேட்டேன். பாதி சரி என்றார். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, வெறும் அக்ரிமென்ட்டால் வீடு கைமாறாது, பத்திரம் பதிவாகும் வரை அது நம்முடையதுதான். ஆனால் வீடு, நிலம் விற்பதில் தேதி தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது, தேதிதான் உயிர் என்று இரு தரப்பும் தெளிவாக நினைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் 1992-லேயே சொல்லியிருக்கிறார்கள். நம் அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. வக்கீல் எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். பத்திரம் பதிந்து கொடு என்று அவர்கள் கேஸ் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டு. 2018-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முன்பு போல அது கோர்ட்டின் விருப்பம் என்றும் விட முடியாதாம். பணத்தோடு தயாராக இருந்தார்கள் என்பதற்கு வங்கிக் கடிதம் நல்ல ஆதாரம். புதுப் பார்ட்டிக்கு எழுதிக் கொடுத்தால் அவர்களையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுத்ததாக ஆகும். இதெல்லாம் இல்லை, சட்டம் முழுக்க நம் பக்கம்தான் என்றாலும் நான் சொல்வது இதேதான்.

சரி, இப்போது உன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. லீவு கிடைக்காது என்றாய், அதனால் அக்கா பெயருக்குப் பவர் எழுதிக் கொடு. வக்கீல் வரைவை மெயிலில் அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயர் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். இன்னொரு இனிஷியல் கதை வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம் சொல்கிறபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அவர்கள் சொல்லும் இடத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு அட்டெஸ்ட் வாங்கு. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதே. அசலைக் கூரியரில் அனுப்பு, ஸ்கேன் செல்லாது. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், அதை அக்கா பார்த்துக்கொள்வாள்.

அவர்களுடைய கடன் அனுமதி டிசம்பர் கடைசி வரைதான். அதற்குள் பத்திரம் முடிய வேண்டும். புரோக்கரிடம் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், நீ சங்கடப்படாதே. அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததும் தேதியைச் சொல். அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா