சுவரில் கரிக்கோடு கிழித்து வைத்த ஆயாவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

கடலூர் மக்களுக்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் நாங்கள் எழுதுவது.

பேரிடர்ச் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான தணிப்பு நிதியிலிருந்து நம் நிலையத்துக்குப் பணம் ஒதுக்கிய ஆணை கைக்கு வந்துவிட்டது. மின்சாரத்தைப் பிரித்துவிடும் மெயின் பேனலும், தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரும், ஜெனரேட்டரும் மேலே ஏறப்போகின்றன. ஆற்றுக்குப் போகும் குழாய் வாயில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு ஆற்றுநீர் உள்ளே வராமல் மூடிக்கொள்ளும் புது ஃபிளாப் வால்வு வரப்போகிறது. ஃபெஞ்சல் புயலும் அதன் பின்னாலேயே 2024 டிசம்பரில் வந்த பெண்ணையாற்று வெள்ளமும் நிலையத்துக்குள் புகுந்து நமக்குச் செய்ததை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை. பட்டவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள். நன்றி சொல்லத்தான் எழுதுகிறோம். மனசு இன்னும் நிறைந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, ஆற்றோரத் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆயாவுக்கு. பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கடையின் பக்கச் சுவரில், செங்கல் துண்டால் கிழித்த 2015-ஆம் வருடத்துக் கோடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் அடுப்புக்கரியால் கிழித்த கோடுகள், 2024 டிசம்பருடையவை. தண்ணீர் ஏற ஏற, மாடிப்படியில் நின்றபடி, செல்போனில் மணி பார்த்து மணிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதியிருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஏன் ஆயா என்று கேட்டதற்கு, "அழிச்சிட்டா, எதுவரைக்கும் வந்துதுன்னு நாளைக்கு யார்கிட்ட போய்க் கேப்பீங்க?" என்றார்.

அந்தக் கேள்விதான் எங்கள் விண்ணப்பத்துக்கே உயிர். எப்படி என்று விளக்க வேண்டும்.

மாநிலப் பேரிடர் தணிப்பு நிதி, 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் செய்த பரிந்துரையில் வந்தது. பேரிடருக்கென்று மாநிலத்துக்கு வகுத்த தொகையில் 80 விழுக்காடு நிவாரணம், மறுசீரமைப்பு, ஆயத்த வேலைகளுக்கு. 20 விழுக்காடு தணிப்புக்கு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்றிய அரசின் பங்கு 75, மாநிலத்தின் பங்கு 25. கெட்டுப்போன மோட்டாரை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைப்பது பழுதுபார்ப்பு. அடுத்த வெள்ளம் தொடாத இடத்தில் வைப்பதுதான் தணிப்பு. அப்படியானால் வெள்ளம் எதுவரை தொடும் என்று காட்டியாக வேண்டும். "இடுப்பளவு தண்ணீர் வந்தது" என்று எழுதினால், யார் இடுப்பு, எந்தத் தரையிலிருந்து என்ற கேள்வி வரும்.

பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தது ஊரறிந்த கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை வைத்து நம் நிலைய வாசலில் எத்தனை அடி என்று சொல்லிவிட முடியாது. கரை எங்கே உடைந்தது, பெண்ணையாற்றிலிருந்து பிரியும் மலட்டாறு எவ்வளவு வாங்கிக் கெடிலம் ஆற்றில் விட்டது, அமாவாசையை ஒட்டிய நாளில் முகத்துவாரத்தில் கடல் எவ்வளவு ஏறி நின்றது, இதெல்லாம் சேர்ந்துதான் இடத்துக்கு இடம் மட்டம் மாறுகிறது. ஆற்றுமட்டம் அளக்கும் நிலையங்களோ மேலே தொலைவில் இருக்கின்றன.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இருக்கும் கறையைப் பார்த்து அளந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செங்கல் சுவர் ஈரத்தை மேலே இழுக்கும். தண்ணீர் நின்றதற்கு ஓரடி மேலேகூட ஈரக்கறை ஏறிவிடும். குப்பை ஒதுங்கிய வரி இன்னொரு பக்கம் ஏமாற்றும்: லாரி போன அலையில் மேலே ஏறியிருக்கலாம், வடியும்போது பாதியில் தங்கியிருக்கலாம். தண்ணீர் நிற்கும்போதே கையால் கிழித்த கோடுதான் நம்பகமானது. நேரமும் எழுதியிருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்தக் கோட்டை மட்டக்கணக்காக மாற்றித் தந்தது பாலிடெக்னிக் பிள்ளைகள். உயர வித்தியாசம் அளக்கும் லெவல் மெஷினும், ஸ்டாஃப் எனும் அளவுக்கோலும் கொண்டுவந்து, மட்டம் தெரிந்த பெஞ்ச் மார்க் கல்லிலிருந்து தொடங்கி, ஆயா சுவர் வழியாக நம் பேனல் அறைத் தரைக்கு வந்து, மறுபடி அதே கல்லுக்குத் திரும்பி, ஆரம்பித்த அளவே வருகிறதா என்று பார்த்துக் கணக்கை மூடினார்கள். திரும்பி வந்து மூடாத லெவலிங் கணக்கை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். 2024-இன் உச்சக் கோடு பேனல் அறைத் தரைக்கு 70 சென்டிமீட்டர் மேலே. அதற்கு மேல் 60 சென்டிமீட்டர் பாதுகாப்பு இடைவெளி. ஆகப் புது மேடை, இப்போதைய தரையிலிருந்து 1.3 மீட்டர்.

மணிவாரியாகப் போட்ட கோடுகள் இன்னொன்றையும் சொல்லின. வேகமாக ஏறிய நேரத்தில் மணிக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. பேனல் அறையின் அடித்தளமே ஒரு முழ உயரம்தான். முற்றம் நனைந்ததிலிருந்து பேனல் நனைய ஒரு மணி நேரம் சொச்சம். கதவுகளுக்குத் தடுப்புப் பலகை செருகும் யோசனை முதலில் இருந்தது. செலவும் அதில் குறைவு. ஒரு கதவுக்கு இரண்டு ஆள், இருபது நிமிடம், ரப்பர் சீல் சரியாக உட்கார வேண்டும், இத்தனையும் விடியாத நேரத்தில், வந்து சேரும் சாலையே மூழ்கியிருக்கும்போது. அது நடக்காது. யார் கையும் படாமல் தானே காப்பாற்றும் ஏற்பாடுதான் வேண்டும் என்று முடிவானது ஆயா எழுதிய மணிக்கணக்கைப் பார்த்துத்தான். கடைக்கு லெவல் மெஷினோடு வந்த பிள்ளைகளுக்கு அவர் காசு வாங்காமல் இட்லி போட்டதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

பேனலை மட்டும் ஏற்றினால் போதாது. கேபிள் போகும் தரைப்பள்ளமான டிரெஞ்ச் வழியாகத் தண்ணீர் அறைக்குள் வரும். குழாய் வாய்களை அடைக்கவில்லை என்றால் கதவை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் பயனில்லை. கேபிள் இனி மேலிருந்து டிரேயில் இறங்கும். ப்ளோயர் நின்றால் தொட்டித் தண்ணீர் காற்றுக்குழாய் வழியே பின்னோக்கி வரும், ஆகையால் அந்தக் குழாய் வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு எடுத்துத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். 250 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் டீசல் எடுக்கும். இரண்டு நாளுக்கு 2,000 லிட்டர். டாங்க் கீழே இருந்தால் கட்டிப்போட வேண்டும், அதன் காற்றுக்குழாய் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குளோரின் சிலிண்டர்களுக்கும் சங்கிலி வேண்டும். காலியானது மிதந்து போகக்கூடும்.

சுற்றிலும் கரை எழுப்பச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு ஹெக்டேர் வளாகத்தில் அவ்வளவு பெய்தால் 48 லட்சம் லிட்டர். கரை வெளித்தண்ணீரைத் தடுக்கும், உள்ளே விழுந்ததையும் வெளியே விடாது. மணிக்கு 200 கன மீட்டர் இறைக்கும் பம்பு, அதற்கு ஒரு மாற்று, இரண்டும் ஜெனரேட்டர் இணைப்பில் இருந்தால்தான் கரைக்கு அர்த்தம். நம் திட்டத்தில் அந்தப் பம்புகள் சேர்ந்திருக்கின்றன.

வெள்ளம் வருகிறது என்று தொட்டியைக் காலி செய்யச் சொன்னவர்களும் உண்டு. காலி செய்யவே கூடாது. நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு 3 மீட்டர் மேலே ஏறினால் சதுர மீட்டருக்கு 3 டன் மேல்நோக்கித் தள்ளும். 40 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எடையோ 1 டன்தான். தொட்டி படகுபோல எழும்பிவிடும். நிறைத்து வைப்பதே காப்பு.

அமெரிக்காவில் பெரிய ஏரிகளைச் சுற்றிய மாநிலங்களின் பொதுத் தரவிதி ஒன்று இதில் எங்களுக்கு வழிகாட்டியது. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் நிலையம் முழுதாக ஓட வேண்டும். 100 ஆண்டு வெள்ளத்தில் கட்டடமும் எந்திரமும் கெடாமல் இருக்க வேண்டும். எல்லா வெள்ளத்திலும் ஓடியாக வேண்டும் என்று பேராசைப்பட்டால் திட்டச் செலவு எட்டாத உயரத்துக்குப் போகும், பணம் வராது. வடிந்த மறுநாள் சுவிட்ச் போட முடிய வேண்டும் என்பதுதான் நாம் கேட்டது.

இனி மற்றவர்கள். நனைந்த மோட்டார்களை நல்ல தண்ணீரில் அலசி, இரவெல்லாம் சூட்டடுப்பில் உலர்த்தி, மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியில் 1 மெகா ஓமுக்கு மேல் காட்டும்வரை வெளியே விடாத ரீவைண்டிங் கடைக்காரர்கள். "ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்று கேட்டவர்களுக்கு அவர்கள் முடியாது என்று சொன்னதால்தான் பாதி மோட்டார்கள் தப்பின. காற்றில்லாமல் எங்கள் தொட்டியில் கழிவைத் தின்று சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் செத்தபோது, டேங்கர் டேங்கராக அந்த நுண்ணுயிர்கள் நிறைந்த சேறான ஸ்லட்ஜைக் கொடுத்த பக்கத்து நிலையத்துக்காரர்கள். வெறும் சாணிக்கரைசலில் ஆரம்பித்திருந்தால் ஒரு லிட்டர் குடுவையில் அரை மணியில் ஸ்லட்ஜ் ஒழுங்காகப் படிவதைப் பார்க்க இன்னும் பல வாரம் ஆகியிருக்கும். ஃபிளாப் வால்வில் சிக்கி அதை மூடவிடாமல் செய்த ஆகாயத்தாமரையைக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அறுத்தெடுத்த மீனவத் தம்பிகள். மின்வாரிய லைன்மேன்கள். டிராக்டர் தந்தவர்கள். மேன்ஹோல் அடைப்பு எடுத்த தூய்மைப் பணியாளர்கள். விண்ணப்பத்தின் செலவு-பயன் கணக்கைத் திருத்தித் திருத்தித் தட்டச்சு செய்த அலுவலக அக்கா. குளியலையும் துவையலையும் தள்ளிப்போட்டு சாக்கடையில் விடும் தண்ணீரைக் குறைத்த ஒவ்வொரு வீட்டுக்காரரும். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யப்போவது இது. வருடாவருடம் ஐப்பசி பிறப்பதற்குள் ஃபிளாப் வால்வைக் கையால் தூக்கி விட்டுப் பார்ப்போம், ஜெனரேட்டரை உண்மையான சுமையில் ஓட்டுவோம், பம்புகளில் தண்ணீர் இறைத்துக் காட்டுவோம், தேதி போட்டு வாசல் பலகையில் எழுதுவோம். யாரும் வந்து பார்க்கலாம். பேனல் அறை வெளிச்சுவரில் பெயின்டில் அளவுகோலும் வரையப்போகிறோம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சுவரிலோ, கோயில் தூணிலோ, பள்ளிக்கூட மதிலிலோ வெள்ளக் கோடு இருந்தால், வெள்ளையடிக்கும் முன் நிலையத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். லெவல் மெஷினோடு நாங்களே வந்து அளந்து பதிந்துகொள்கிறோம். கழிவுநீர் இறைக்கும் சிறு பம்பு நிலையங்கள் இன்னும் தாழ்வில்தான் இருக்கின்றன. அவற்றுக்கான விண்ணப்பத்தை அடுத்து எழுதப்போகிறோம்.