பிளீச்சிங் பவுடர் தூவியது போதும், ஜன்னலைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கோ ஒரு புது வைரஸ் என்று செய்தி வந்தால் போதும், நம் ஊரில் முதலில் வெளியே வருவது பிளீச்சிங் பவுடர் மூட்டைதான். 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற மூச்சுவழி வைரஸ் பற்றிய பேச்சு அடிபட்டபோதும் மாஸ்க், சானிடைசர், மருந்து தெளிப்பு எல்லாம் திரும்பவும் வாய்க்கு வாய் வந்தன. அடுத்ததும் ஒருநாள் வரத்தான் போகிறது. ஆகவே கொரோனா வந்த 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்ததை இப்போதே, பதற்றமில்லாத நேரத்தில், ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அந்த முதல் சில வாரங்களில் மக்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஒரே மாதத்துக்குள் வாசலெங்கும் மஞ்சள் நீர், வேப்பிலை, தெருவெங்கும் கிருமிநாசினி, காய்கறிக்கு உப்புத் தண்ணீர் என்று ஊரே பாடுபட்டது. உழைப்புக்குக் குறைவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே அத்தனை உழைப்பும் செலவானதுதான் கோளாறு.

தெருவில் தூவும் அந்த வெள்ளைப் பொடியை எடுத்துக்கொள்வோம். காலரா, வயிற்றுப்போக்கு காலத்தில் சாக்கடை ஓரமும் குடிநீர்க் குழாயடியும் தூவிப் பழகியது அது. பாதி இடங்களில் அதில் சுண்ணாம்பே கூடுதல். வெள்ளையாகத் தெரிவது அதுதான். உலர்ந்த பொடியாகக் கிடக்கும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லாது, நீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். கரைத்து ரோட்டில் அடித்தாலும் மண்ணும் சருகும் சாணமும் அதிலுள்ள குளோரினைத் தின்றுவிடும், மிச்சத்தை வெயில் முடித்துவிடும். அதைவிட முக்கியம், மூச்சுவழி பரவும் வைரஸ் தார்ரோட்டில் காத்துக் கிடப்பதில்லை.

ஆள் நடந்து போகும்போது மேலே மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கமும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஒன்று வைத்தார்கள். மறுவாரமே ஊருக்கு ஊர் முளைத்தது. மூன்று முதல் ஐந்து நொடி நடந்தால் போதும் என்றார்கள். அதில் தெளித்த ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்து ஒரு பரப்பைச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். ஐந்து நொடியில் கொல்லும் அளவுக்குச் செறிவைக் கூட்டினால் கண்ணும் தொண்டையும் வெந்துபோகும். கண் எரியாத அளவுக்குக் குறைத்தால் அது குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும். எப்படியானாலும் தொற்று இருப்பது ஆளின் மூக்கிலும் தொண்டையிலும். சட்டையை நனைத்து என்ன பயன்? நனைந்தவர் 'நமக்கு ஒன்றும் வராது' என்று கூட்டத்துக்குள் போனதுதான் மிச்சம். உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து இதையே பீய்ச்சியடித்த கொடுமையும் அதே நாட்களில்தான் நடந்தது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவித்தது. அதற்குள் நன்கொடையாளர் பெயர்ப் பலகையோடு எத்தனை சுரங்கம் எழும்பிவிட்டது!

பிளீச்சிங் பவுடரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளி புழங்கிய கழிப்பறை, வாந்தி பட்ட தரை, ஆம்புலன்ஸ் கைப்பிடி போன்ற இடங்களுக்கு அது அருமையான பொருள், விலையும் மலிவு. கரைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் பிரித்த நல்ல பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் குளோரின் இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம், அதாவது இரண்டு பெரிய கரண்டி போட்டால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இதுவே தாராளம். ரத்தம், வாந்தி பட்ட இடத்துக்கு மட்டும் அதே 30 கிராமை ஒரே ஒரு லிட்டரில் கரைத்தால் 1 சதவீதம். நேராக வாளியில் கொட்டாமல், பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவு மட்டும் போதும். அடி வண்டலோடு ஸ்பிரேயரில் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். அதை வாயால் ஊதிப் பார்ப்பவர்களும் உண்டு, கூடவே கூடாது. வெந்நீரில் கரைத்தால் குளோரின் ஆவியாகப் போய்விடும். அலுமினிய வாளி அரித்துப்போகும். காலையில் கரைத்ததை மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.

முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட்டுத்தான் இந்தக் கரைசலால் துடைக்க வேண்டும். தெளிப்பதைவிடத் துணியால் துடைப்பதே மேல். தெளித்தால் பாதி இடத்தில் படாது, தெளிப்பவரின் நுரையீரலில்தான் படும். பிரித்த மூட்டை ஈரக்காற்று பட்டுக் கட்டி கட்டியாகி, அந்தச் சுருக்கென்ற நெடியும் போய்விட்டதென்றால் அது வெறும் சுண்ணாம்புக்குச் சமம். பேரூராட்சிக் கிடங்குகளில் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் மூட்டைகளைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் இதைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூடிய பாத்ரூமுக்குள் ஆளையே மயக்கிவிடும். 'இரண்டையும் சேர்த்தால் டபுள் பவர்' என்று நினைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வேப்பிலை கட்டியதைக் கேலி பேசியவர்கள் நிறைய. நான் அவர்கள் பக்கம் இல்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, இந்த வீட்டுக்குள் வராதே என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம். கோபம் இல்லாமல், அவமானம் இல்லாமல் எல்லாரும் மதித்த அடையாளம். 2020-ல் எல்லா வீட்டிலும் தோரணமாகக் கட்டியதால் எது நோய் வீடு என்ற சேதியே அதில் இல்லாமல் போயிற்று. அந்த வேலையைச் செய்ய மாநகராட்சி ஸ்டிக்கர் வந்தது, சில தெருக்களில் வாசலை மறித்துத் தகரமே வந்தது. தகரம் அடித்த வீட்டைப் பார்த்தவர் தனக்குக் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்வாரா? பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு, மூச்சு வாங்கும்வரை வீட்டிலேயே கிடந்தார்கள். உயிரைக் காப்பாற்றக்கூடிய முதல் வாரம் அப்படித்தான் வீணானது. தகுந்த அதிகாரியின் உத்தரவில்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். முதல் அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது.

இனி காற்றுக்கு வருகிறேன். எல்லாரும் பால் பாக்கெட்டையும் கதவுக் கைப்பிடியையும் துடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் வைரஸ் மூன்று நாள் வரை உயிர்ப்போடு இருக்கும் என்ற ஆய்வு 2020 மார்ச்சில் வெளியாகி உலகமெங்கும் பரவியது. ஆய்வகத்தில் வைரஸை வேண்டுமென்றே பூசிவைத்துப் பார்த்த கணக்கு அது. அதே மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது. ஆனால் காற்றில் பரவியதைக் காட்டும் சம்பவங்கள் அதற்கு முன்பே நடந்திருந்தன, ஆய்வாக வெளியானதுதான் பிறகு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10 அன்று பாட்டுப் பயிற்சிக்கு ஒரே கூடத்தில் கூடிய 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். சீனாவின் குவாங்சோ உணவகம் ஒன்றில் ஜன்னலில்லாத தளத்தில், ஒரே ஏ.சி. காற்று சுழன்ற மூன்று மேசைக் குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று கண்டது. ஒரு பொருளைத் தொட்டுத் தொற்றுவதற்கான வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்குச் சொன்னது 2021 ஏப்ரலில்.

சீலிங் ஃபேன் புதுக் காற்று கொண்டுவராது. உள்ளே இருப்பதையே கலக்கிவிடும். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யும் அப்படியே, வெளியே இருக்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் தள்ளுகிறது, காற்றை மாற்றுவதில்லை. ஒரு அறையில் காற்று ஓடுகிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு ஊதுவத்தி போதும். ஆள் உட்காரும் இடத்தில் கொளுத்திப் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாக இழுபட்டு ஜன்னல் வழியே போனால் நல்லது. அங்கேயே சுருண்டு சுருண்டு மேலே தேங்கினால், பேசுகிறவரின் மூச்சும் அப்படித்தான் தேங்கும். எதிரெதிர்ச் சுவரில் கதவும் ஜன்னலும் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு ஜன்னலும் ஒரே சுவரில் இருந்தால், டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், காற்றை அது வெளியே தள்ளட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இறக்கையைத் துடைத்து, சுற்றும் திசையைப் பாருங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்து உள்ளே ஊதுகிற ஃபேன்களும் உண்டு.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நல்ல ஜன்னலும் எக்ஸாஸ்டும் இருக்கும். ஐந்நூறு பேர் இரண்டு மணி நேரம் பேசிச் சிரித்து உட்கார்ந்திருக்கும் ஏ.சி. ஹாலில் எல்லாம் அடைத்திருக்கும், திரை வேறு போட்டிருக்கும். வாசலில் சானிடைசர் தெளிக்க ஒரு பையனை நிறுத்தியதோடு கடமை முடிந்தது.

ஒரே அறை உள்ள வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் கட்டிலை ஊதுவத்திப் புகை வெளியேறும் பக்கத்து ஜன்னலடியில் போட வேண்டும். பாசத்தில் அவர் தலைமாட்டில் ஃபேனை வைத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறோம். அவர் இருமுவதெல்லாம் மற்றவர் முகத்துக்கு வந்து சேரும். ஃபேன் மற்றவர் பக்கமிருந்து அவரைத் தாண்டி ஜன்னலை நோக்கி வீச வேண்டும். மாஸ்க் போட்டவருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கருகே இடைவெளி இருக்கிறது என்று பொருள். கம்பியை அழுத்தி மூக்கோடு படியவைக்க வேண்டும். முன்னால் வால்வு வைத்த என்-95 போட்டவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை அப்படியே வெளியே விட்டுவிடும். நோயாளிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி நாமக்கல் பண்ணையாளர்களைச் சாய்த்தது. அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கியதால், அதையே நம்பியிருந்த லூபஸ், மூட்டுவாத நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். 2020 மார்ச் 26 அன்றுதான் அதன் சில்லறை விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. கடைவாசல் தெர்மல் கன், சித்திரை வெயிலில் நடந்து வந்தவரைக் காய்ச்சல்காரர் என்றது, மாத்திரை போட்டு வந்தவரை உள்ளே விட்டது.

கடைசியாக, அறிவிப்புகளைப் பற்றி. ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னதாக அறிவித்தார்கள். 25-ஆம் தேதி ஜனம் மொத்தமும் கடைத்தெருவில் நின்றது. 295 ஏக்கர் கோயம்பேடு வளாகத்திலும் கால் வைக்க இடமில்லை. மே 5 அன்று அந்தச் சந்தையை மூடியபோது, அங்கே மூட்டை தூக்கியவர்களும் சரக்கு ஏற்றியவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், தொற்றும் கூடவே போயிருந்தது. மக்களுக்குப் பேராசை, ஒழுங்கில்லை என்று அன்று திட்டியவர்கள் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். 12 மணி நேரம் திறக்கும் மளிகைக் கடைக்கு 600 பேர் வந்தால் மணிக்கு 50 பேர். பகல் ஒரு மணிக்கு மூடு என்று 5 மணி நேரமாகக் குறைத்தால் மணிக்கு 120. நான்கு நாளைக்குக் கடை இல்லை என்று சொன்னால் வராதவரும் வருவார்.

அதே அரசாங்கம், அதே மக்கள், அதே ஏப்ரலில் 1,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடையில் நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்துத்தான் வழங்கினார்கள். ஆகவே வழி தெரியாமல் இல்லை. மாவட்ட நிர்வாகங்கள் அந்த டோக்கன் முறையைச் சந்தை, உழவர் சந்தை, மீன் மார்க்கெட்டுக்கும் இப்போதே எழுதிவைக்க வேண்டும்: எந்தத் தெரு எந்தக் கிழமை, அரை மணிக்கு எத்தனை பேர், யார் வாசலில் நிற்பது என்பதுவரை. நேரத்தைக் குறைக்கும் உத்தரவுக்குப் பதிலாக நேரத்தைக் கூட்டும் உத்தரவு ஒன்றையும் வரைவாக வைத்திருக்கட்டும். பிளீச்சிங் பவுடருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, துருப்பிடித்துத் திறக்க முடியாமல் கிடக்கும் பள்ளிக்கூட ஜன்னல் கொக்கிகளை வரும் மழைக்கு முன் மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
தஞ்சாவூர்.