பட்டினி போட்டால் ஆட்சியாளன் திருந்துவானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விதியை மீறும் நாடுகளிடம் பேசிப் பயனில்லை, வியாபாரத்தை மொத்தமாக முடக்கிப் பட்டினி போட்டால்தான் வழிக்கு வரும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. அடுத்த நாட்டுக்குள் டாங்கியை ஓட்டிக்கொண்டு நுழைகிறவனை உலகம் வேடிக்கை பார்க்கக் கூடாதுதான். ஆனால் பட்டினி போட்டால் காய்வது யார் வயிறு?

ஈராக்கைப் பாருங்கள். குவைத்துக்குள் புகுந்த சில நாட்களிலேயே, 1990 ஆகஸ்டில், ஐ.நா. பொருளாதாரத் தடை போட்டது. படையெடுப்புக்குத் தண்டனை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடை 2003 வரை நீண்டது. மருந்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மக்கள் அல்லாட, சதாம் உசேன் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். ரேஷனும் அவர் அரசின் கையில்தான், ஆக மக்கள் அவரையே மேலும் அண்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று. பாக்தாத்தில் ஐ.நா.வின் நிவாரணப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே இதைப் பொறுக்கமாட்டாமல் 1998இல் பதவி விலகினார், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார்.

அப்படியானால் தடையே கூடாதா? வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு 1946இலேயே வியாபாரத்தை நிறுத்திய முதல் நாடு நம் இந்தியா. 1977இல் ஐ.நா. அந்த நாட்டுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது, பின்னால் வங்கிக் கடன்களும் சுருங்கின. முக்கியமாக, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களே தடை போடுங்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள். ஆயுதம், ஆட்சியாளர்களின் வங்கிக் கணக்கு, அவர்களின் வெளிநாட்டுப் பயணம், இவற்றில் கை வையுங்கள். அரிசியிலும் மருந்திலும் வைக்காதீர்கள்.

அப்புறம், இதைவிடப் பெரிய ஓட்டை வீட்டோ, அதாவது ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எதுவும் தனியாகவே ஒரு தீர்மானத்தை வீழ்த்திவிடும் அதிகாரம். 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யாவே தன் வீட்டோவால் அடித்துவிட்டது. தன் நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா உதவுகிறது என்று நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அதை நிறைவேற்றச் சொன்ன தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் மற்ற அடாவடி நாடுகள் எதற்குப் பயப்படும்? இத்தனைக்கும் சச்சரவில் ஒரு தரப்பாக உள்ள நாடு வாக்களிக்கக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 27ஆவது பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் அது சமரச முயற்சிகளுக்கு மட்டும்தான். படையெடுப்புக்கும் அதை நீட்ட வேண்டும். சாசனத்தைத் திருத்தவும் அந்த ஐந்து நாடுகளின் ஒப்புதல் தேவை என்பது தெரியும், அதற்காகக் கேட்காமலே இருப்பதா?

எங்கேயோ நடக்கும் சண்டை நமக்கெதற்கு என்பவர்கள், அந்த 2022இல் மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் போயிருக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறி, வடை பஜ்ஜி போடும் சின்னக் கடைக்காரர்கள் டின் விலையைக் கேட்டுவிட்டு, இரண்டு பாக்கெட்டோடு திரும்பினார்கள். உக்ரைனில் மருத்துவம் படிக்கப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லையைத் தாண்ட நடையாய் நடந்தார்கள்.

அந்தப் பிப்ரவரி வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. பிள்ளைகள் அங்கே சிக்கியிருந்தார்கள், ஆயுதத்துக்கு ரஷ்யாவை நம்பியிருக்கிறோம், சரி. ஆனால் பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் கேட்கிற நாடு, தன் மீதான புகாரில் எந்த நாடும் வீட்டோ போடக் கூடாது என்றாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டாமா? மதுரை, தேனி, விருதுநகர் எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செல்லூர், மதுரை.