பயாப்சி ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு பக்கம்

தமிழ்நாட்டின் நோய்க்கூறியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளாகிய நாங்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் என் அக்காவின் மார்பகக் கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அவளுக்கு எந்தச் சிகிச்சை பலிக்கும் என்று காட்டியவர் உங்களில் ஒருவர்தான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் டோக்கன். அத்தான் பிரிண்ட் எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார். முதல் கோடு "ஈஆர் பாசிட்டிவ், 8/8". கொரோனாவுக்கு அப்புறம் பாசிட்டிவ் என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். அதுவும் எட்டுக்கு எட்டு. அடுத்த கோடு "கிரேடு 2, ஸ்கோர் 7/9". செகண்ட் ஸ்டேஜ் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பத்தாவது படிக்கும் பையனை யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று என்னிடம் கேட்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிட்டார். ஈஆர் பாசிட்டிவ் என்றால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இடங்கள் புற்று செல்களில் இருக்கின்றன. அதனால் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை அந்தப் புற்றின் மீது வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. 8 வந்தால் இன்னும் நல்லது. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பது கிரேடு. மூன்று அம்சங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை போடுகிறீர்கள். அதனால் 3க்குக் கீழே யாருக்குமே வராது. 6, 7 நடுத்தரம். கட்டி எவ்வளவு பெரிது, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். அக்காவின் கட்டி 1.8 செ.மீ. அக்குள் நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) நேரே "0/14". பதினான்கைச் சோதித்து ஒன்றிலும் புற்று இல்லை என்று நீங்கள் எழுதிய வரி அது. அத்தான் அந்த வரியில் கோடே போடவில்லை. அக்காவுக்கு முதல் ஸ்டேஜ்தான் என்ற நல்ல சேதி, மூன்று நாள் எங்கள் மேசையிலேயே கிடந்திருக்கிறது.

ரிப்போர்ட் சிகிச்சை தரும் டாக்டருக்காக எழுதப்படுவது என்பீர்கள். சரிதான். ஆனால் முதலில் கையில் வாங்குவது நாங்கள். உங்கள் துறை இதை உணராததும் இல்லை. பிராஸ்டேட் புற்றில் கிரேடைச் சொல்லும் க்ளீசன் ஸ்கோர் 6 வந்தவர்கள், பத்துக்கு ஆறா என்று பயந்தார்கள். நடைமுறையில் அதுதான் ஆகக் குறைந்த ஸ்கோர். 2014இல் உலக நிபுணர்கள் கூடி, 1 முதல் 5 வரை புதுத் தொகுதிகளாக அதை மாற்றி அமைத்தபோது, இந்தப் பயமும் ஒரு காரணமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து எதுவரை போகும் என்று போடுங்கள். கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கம் இணையுங்கள். கிரேடு, ஸ்டேஜ், மார்ஜின் (வெட்டி எடுத்த ஓரத்தில் புற்று இருக்கிறதா என்பது), நெறி, ஈஆர். அப்புறம் ஹெர்2 (சில மார்பகப் புற்றுகளில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்), அதில் 2+ வந்தால் முடிவு இன்னும் தெரியவில்லை, அதன் மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை பாக்கி இருக்கிறது என்ற ஒரு வரி. எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான பக்கம் என்பதால் ஒருமுறை எழுதினால் போதும்.

மார்பகப் புற்றுக்கு அப்படி ஒரு பக்கத்தை அக்காவும் நானும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறோம். தப்பு இருக்கலாம். உங்களில் ஒருவர் திருத்திக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தங்கை