எங்கள் லிஃப்டுக்காக வந்தவர்களுக்கு

எங்கள் பிளாக்கில் இப்போது லிஃப்ட் ஓடுகிறது. தெருவிளக்கு எரிகிறது. விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு பஸ் வருகிறது. சென்னையின் தெற்கு ஓரத்தில், பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களில் குடியிருக்கும் எங்களுக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. இவற்றுக்காகப் போராடியபோது எங்களோடு நின்றவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எல்லோருக்கும் குடியிருப்புப் பெண்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி மாற்றுத்திறனாளி தோழர்களுக்கு. லிஃப்ட் நின்றால் மனு கொடுப்போம், "ஆள் வருவார்" என்பார்கள், நாங்களும் காத்திருப்போம். சக்கர நாற்காலியில் வந்த ஓர் அக்கா கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல என்னை மாதிரி எத்தனை பேர் இறங்க முடியாம இருக்காங்க?" என்று கேட்டார். கணக்கெடுக்க வீடு வீடாக ஏறியபோதுதான் தெரிந்தது: மாதக்கணக்கில் வெளியே வராத பெரியவர்கள், டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள், நிறைமாதத்தில் குடத்தோடு படி ஏறும் பெண்கள். அடுத்த மனுவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏறியது, பதில் சொல்லும் தொனியே மாறிவிட்டது. சென்னையில் 2024 முதல் ஓடும் புதிய தாழ்தளப் பேருந்துகளுக்குப் பின்னாலும் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட போராட்டம் இருக்கிறது. அந்தப் பஸ்ஸில் மூட்டுவலிக்காரப் பாட்டிகள் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சதுப்பு நிலத்துக்காகப் பாடுபடும் நண்பர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்தபோது எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று சொல்லித்தான் கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக எங்களை இங்கே கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போனது, பெண்களுக்கு நடந்துபோய்ச் செய்துகொண்டிருந்த வீட்டு வேலை போனது. சுற்றுச்சூழல் என்று யாராவது ஆரம்பித்தாலே அடுத்து நம்மைத்தான் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயம். பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது ஊரே பெருமைப்பட்டது, எங்களுக்கு வயிறு கலங்கியது.

அந்த நண்பர்கள் இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம் பழைய வரைபடங்களை விரித்தார்கள். தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே தங்க வேண்டும், அந்த வழியில் என்னென்ன பெரிய கட்டடங்கள் நிற்கின்றன, பெருங்குடிக் குப்பைமேடு சதுப்பு நிலத்துக்குள்ளேயே எப்படி வளர்ந்தது என்று காட்டினார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று தூக்கி வந்தவர்களை இன்னொரு வெள்ளத் தாழ்வில் குடிவைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது. "குடிசையைக் காலி செய்துவிட்டு மாளிகையை விட்டுவைப்பதற்குச் சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்" என்று அதிகாரிகள் முன்னால் அவர்களே சொன்னார்கள். எங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் எடுபட்டிருக்காது. சதுப்பு நிலம் நிறைந்தால் எங்கள் தரைத்தளம் தப்பிக்காது என்பதால், இப்போது மழைக்கு முன்னால் வடிகாலைப் பார்க்க எங்கள் பெண்களும் அவர்களோடு போகிறார்கள்.

வழக்கறிஞர்களுக்கு நன்றி. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்கள். வீடு கொடுத்துவிட்டு வேலைக்குப் போக வழி கொடுக்காவிட்டால் அது எப்படி வாழ்வாகும் என்று நாங்கள் பஸ்ஸுக்காகக் கேட்டது அதற்குப் பிறகுதான். 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பின்னால் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் பஸ்ஸே வராத இடத்தில் இலவசத்தை வைத்து என்ன செய்வது?

எங்கள் பக்கத்து பிளாக் திருநங்கைத் தோழிகள் இல்லையென்றால் நாங்கள் மறியல் செய்த நாள் எங்களுக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். எல்லோரையும் வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தபோது, கைக்குழந்தைக்காரப் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். காவலர்களிடம் எப்படிப் பேச வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு பெண்களை என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அந்தத் தோழிகளுக்கு அத்துப்படி. எத்தனை முறை அவமானப்பட்டு அதைக் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. வாடகைக்கு வீடு தர ஊர் மறுத்த அவர்கள்தான் அன்று எங்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பெயர்ப் பட்டியல் எழுதி, கடைசிப் பெண் வெளியே வரும்வரை நின்றார்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்கு நான் தனியாக நன்றி சொல்வது வேடிக்கையாக இருக்கும், பலர் எங்கள் வீட்டு ஆட்களே. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தபோது, எங்களில் சிலர் போய்ச் சேர்ந்து உட்கார்ந்தோம். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தியதைப் பார்த்து அழுதோம். விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டபோது, எழுந்து நின்று சொன்னவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான்.

கடைசியாக மீனவச் சொந்தங்களுக்கு. 2015 வெள்ளத்தில் படகைச் சாலையில் இறக்கி எங்களைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலரும் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்தான் என்று எங்கள் கூட்டத்தில் நீங்கள் சொன்ன பிறகு, பிள்ளைகள் அவரைப் பற்றித் தேடிப் படிக்கிறார்கள். எங்கள் லிஃப்ட் போராட்டத்துக்கு மீன்பாடி வண்டியில் சோறு கொண்டுவந்தீர்கள். வடசென்னை எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கொசஸ்தலை ஆற்றில் கலந்து உங்கள் வலை கறுத்துப்போன கதையை அன்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வர வேண்டும், இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும், சரி, வந்துவிடுவோம். இரண்டு நாள் முன்னால் மட்டும் தகவல் சொல்லுங்கள். வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள் லீவு கேட்க வேண்டும். சோறு இந்த முறை எங்கள் பொறுப்பு.